கரைத்துக் குடித்த எழுத்து

முன்னொரு காலத்தில், இன்று யாருக்கும் வழி தெரியாத ஒரு நாட்டை வில்லவராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகள், தேமொழி. ஐந்து வயது. சரியான வாயாடி. ஆனால் எழுத்தாணியைக் கண்டால் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழுவாள்.

“இளவரசியாருக்குக் கல்வி ஏறாது, அரசே” என்றார் ஆஸ்தான குரு விருத்தகிரியார். “எதையும் சாதிப்பதாகப் பேர் வாங்கிய விகடகவி கொற்றனிடம் ஒப்படைத்துப் பாருங்களேன்!” அரசன் கொற்றனோடு சிரித்துப் பேசுவது அவருக்கு நெடுநாளாகவே ஆகவில்லை.

அரசனுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. “கொற்றா! மழைக்காலம் முடிவதற்குள் என் மகள் எழுத்தையும் எண்ணையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். தவறினால் நீ இந்நாட்டில் இருக்கலாகாது.”

“கரைத்துக் குடிக்கத்தானே வேண்டும்? உத்தரவு, அரசே!”

மறுநாளிலிருந்து பாட அறை சாத்தியே கிடந்தது. உள்ளேயிருந்து அழுகை வரவில்லை. கலகலவென்று சிரிப்பு வந்தது. சமையற்கட்டிலிருந்து பாலும் சர்க்கரையும் திராட்சையும் போகின்றன, ஓலை ஒன்றுகூடப் போகவில்லை என்று சேவகர்கள் சொன்னார்கள். அரசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளையே கேட்டான்.

“சொல்ல மாட்டேன் போங்கப்பா” என்று உதட்டை நக்கிக்கொண்டே ஓடிவிட்டாள்.

மழை ஓய்ந்தது. சபை கூடியது.

“கரைத்தோம், குடித்தோம், அரசே!” என்றான் கொற்றன். “அகன்ற கிண்ணத்தில் நாட்டுச் சர்க்கரையைப் பரப்பினேன். இளவரசியார் அதில் விரலால் எழுதுவார். எழுத்து சரியாக வந்தால் பாலூற்றிக் கரைத்துக் குடிப்பார். எத்தனை திராட்சையைத் தப்பில்லாமல் எண்ணுகிறாரோ, அத்தனையும் அவருக்கு.”

சபை சிரித்தது. “வார்த்தை ஜாலம்!” என்று குரு சீறினார். “எங்கே, ‘ஞ’ எழுதட்டும்!”

கிண்ணம் வந்தது. தேமொழி விரலைச் சுழித்து ‘ஞ’ எழுதினாள். பாலை ஊற்றிக் கரைத்தாள்.

“சர்க்கரையில் யார்தான் எழுதமாட்டார்கள்? எழுத்தாணி பிடிக்க வருமா?” குரு தம் எழுத்தாணியை நீட்டினார்.

குழந்தையின் கைகள் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயின. ஆனாலும் தேமொழி அந்தக் கூர்முனையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

“இதுல எழுதினா ஓலை ஓட்டையாயிடுமா?”

“மெல்லப் பிடிச்சா ஆகாது, தாயே. சர்க்கரையில போன வழியிலேயே போங்க” என்றான் கொற்றன்.

மெதுவாக ஒரு கை முன்னால் வந்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஓலையில் கீறினாள். கோணல்தான், ஆனால் ‘ஞ’தான்!

பிறகு கிண்ணத்தைக் குருவிடம் தள்ளினாள். “நீங்களே குடிங்க. குடிச்சா யாரையும் அடிக்கத் தோணாது.”

“என் மகளை அடித்தீரா?” என்றான் அரசன்.

விருத்தகிரியார் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். மீசையெல்லாம் பால். கோபமாக எழுந்த அரசன் அதைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான்.

“உம் பிரம்பு அடுப்புக்குப் போகட்டும். நாளை முதல் இந்த வகுப்பில் பாலூற்றுவது உம்முடைய வேலை” என்றவன், கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொற்றனிடம் நீட்டினான்.

“எத்தனை முத்து என்று தெரியாமல் எப்படி வாங்குவேன், அரசே?” என்றான் கொற்றன்.

தேமொழி அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, மாலையைப் பிடுங்கி, எண்ணத் தொடங்கினாள். அரசனும் கூடவே எண்ணினான். இடையில் ஒரு முத்தைத் தாண்டிவிட்டான்.

“அப்பா, தப்பு! முதல்லேருந்து!”