யார் கியரைக் குறைச்சது?

ஆரணியில் அரிசி மில் வைத்திருந்த தணிகாசலத்துக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். கியரே போட வேண்டாம் என்று சொல்லி விற்ற புதுக் கார் ஒன்றை வாங்கினார். மறுநாளே குழப்பம். வேகம் குறையும்போதெல்லாம் யாரோ கியரைக் குறைத்தது போல வண்டி லேசாக இழுத்தது, இன்ஜின் ஓர் உறுமல் உறுமியது.

டிரைவர் எட்டியப்பனைப் பிடித்துக்கொண்டார். "கியரே இல்லாத வண்டியில கியரைக் குறைக்கிறது யாருடா? நீதான் என்னமோ திருட்டு வேலை பண்ற. பொழுது சாயறதுக்குள்ள இந்த இழுப்பு நிக்கணும். இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போ!"

எட்டியப்பன் தலையைச் சொறிந்தான். "நான் இறங்கிக்கிறேன் மொதலாளி. நீங்களே ஓட்டித் திருடனப் புடிங்க."

தணிகாசலம் மில் களத்தைத் தனியாகச் சுற்றினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், இழுத்தது. பிரேக்கை மிதித்தார், உறுமியது. நிறுத்திவிட்டுப் பின்சீட்டைப் பார்த்தார். ஆளில்லை. சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். மூன்றாவது சுற்றில் வியர்த்து விறுவிறுத்து இறங்கினார். நெல் துழாவிய பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நீயும் உள்ள இல்ல. நானும் ஒண்ணும் பண்ணல. பின்ன யாருடா?"

"வண்டிதாங்க. கியரெல்லாம் உள்ளயே இருக்கு. வேகம் குறைஞ்சா அதுவா பார்த்துக் கீழ் கியருக்கு வந்துக்கும்."

"யாரும் சொல்லாமலேயா? அது ஏன் செய்யணும்?"

"பாவம், அதுக்கு இன்னும் தெரியலீங்க," என்றான் எட்டியப்பன். "இந்த மில்லுல சொல்லாம வேலை செஞ்சா திருட்டுப் பட்டம்தான் கிடைக்கும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். வண்டி நேத்துதானுங்களே வந்துச்சு!"