வெறுங்கை வரிசை

“அந்தப் புள்ள பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கட்டும், போதும்” என்று சபேசன் யாரிடமோ சொன்னது கோகிலவாணியின் காதில் விழுந்தது. கோவையில் பொம்மைப் படைகளை மேசைமேல் மோதவிட்டு விளையாடும் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், தோற்றதே இல்லை.

“நானும் போட்டி அணிக்கு வரணுங்க” என்றாள்.

“இருபது காலாள் வீரர்களும், அவங்களுக்கு ஆயுதம் வாங்கக் கொஞ்சம் புள்ளியும் தர்றேன். எல்லாருக்கும் கவசம் வாங்கினா ஈட்டி வாங்கப் புள்ளி மிஞ்சாது. ஈட்டி வாங்கினா கவசம் கிடையாது. என் கோடரிப் படையை ஜெயிச்சுக் காட்டு, சேர்த்துக்கறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோகிலவாணி பத்துப் பேருக்குக் கவசம் மட்டும் வாங்கி முன்வரிசையில் நிறுத்தினாள். பின்வரிசைப் பத்துப் பேருக்கு ஈட்டி மட்டும்.

“முன்னாடி நிக்கறவன் வெறுங்கையோட என்ன பண்ணுவான், அம்மணி?” என்று கேட்டார் சபேசன்.

“அடி வாங்குவானுங்க. அடிக்கறவன் பின்னாடி இருக்கான். ரெண்டாவது வரிசையிலிருந்தும் ஈட்டி எட்டும்னு விதி எழுதினதே நீங்கதானுங்களே!”

பகடை உருண்டது. சபேசனின் கோடரிகள் கவசத்தில் மோதி மோதி நின்றன. தோள்களுக்கு மேலாக நீண்ட ஈட்டிகள் அவர் வீரர்களை ஒவ்வொருவராகச் சாய்த்தன. கடைசிக் கோடரிக்காரனும் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

சபேசன் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அணிச் சட்டைகளைப் புரட்டியபடி, “உங்களுக்கு என்ன சைஸுங்க?” என்று கேட்டார்.