வரப்புக்கு அந்தப் பக்கம்

ஒரு காடு முடிகிற இடத்தில் சின்னக் கடலைத் தோட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்காரர் பெயர் சடையாண்டி. மனைவி பேச்சியம்மாள். ஒரு வீடு, ஒரு வேப்பமரம், ஒரு குப்பைமேடு, கொஞ்சம் கோழிகள். இவற்றுக்கும் கடலைக்கும் நடுவில் ஒரு வரப்பு. அவ்வளவுதான்.

வேப்பமரத்தில் ஒரு கின்னிக்கோழி இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. தலை மொட்டை. அதை அழகென்று யாரும் சொன்னதில்லை. அதற்கு ஒரே வேலை, கத்துவது. பாம்பு வந்தால் கத்தும். பருந்து வட்டமிட்டால் கத்தும். தெரியாத ஆள் வந்தால் அடுத்த தோட்டம் வரை கேட்கக் கத்தும். கத்தல் கேட்டதும் மற்றக் கோழிகள் என்ன ஏதென்று பார்க்காமல் கூண்டுக்குள் ஓடிவிடும். கத்துவதற்கென்றே சடையாண்டி அதை வைத்திருந்தார்.

அதோடு வாங்கி வந்த கின்னிக்கோழிகள் எல்லாம் சந்தைக்குப் போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம்.

கோழிகள் அதைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

"மொட்டை வந்துட்டான், காதைப் பொத்துங்கடி!" என்னும் சாம்பல் கோழி. "உன் தொண்டையில் என்ன, தகர டப்பாவா மாட்டியிருக்கிறது?"

மற்றவை சிரிக்கும். கின்னிக்கோழி மரத்தில் ஏறிக்கொள்ளும்.

பொழுது சாய்கிற நேரத்தில் காட்டிலிருந்து ஒரு நரி வரும். கடலையைத் தின்கிற எலிகளைப் பிடிக்கும். கின்னிக்கோழி கத்தும். கோழிகள் ஓடும். சடையாண்டி கம்போடு வெளியே வருவார்.

"நம்ம எலிக்காரன்தான்" என்பார். "வரப்பைத் தாண்டவில்லை. பிழைத்துப் போகட்டும்."

கம்பால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். நரி புதருக்குள் போய்விடும்.

ஒரு நாள், போகிற போக்கில் நரி அண்ணாந்து பார்த்தது.

"நல்ல தொண்டை, தம்பி" என்றது.

அப்படி யாரும் அதனிடம் சொன்னதே இல்லை. மறுநாள் கத்தி முடித்ததும் கின்னிக்கோழி அவசர அவசரமாகக் கேட்டது.

"அண்ணே, உங்களுக்குக் கூட்டம் இல்லையா?"

"ஒருத்தி இருந்தாள். தார்ரோட்டில் லாரி அடித்துவிட்டது. உனக்கு?"

"சந்தைக்குப் போய்விட்டார்கள்."

"ம்" என்றது நரி. அதற்குள் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. நரி போய்விட்டது.

இப்படியே நடந்தது. நாளுக்கு நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையைக் கின்னிக்கோழி விடிந்ததிலிருந்து யோசித்து வைக்கும். கத்துவதால்தானே சடையாண்டி வருகிறார், அவர் வருவதால்தானே நரி போகிறது என்று ஒரு நாள் அதற்குத் தோன்றியது.

அன்று நரி வந்தபோது கின்னிக்கோழி வாயைத் திறக்கவில்லை.

நரி எலியைத் தின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது. இருட்டும்வரை இரண்டும் பேசின. மழை வருமா வராதா, எந்தப் பருந்து சோம்பேறி, நண்டு ருசியா எலி ருசியா என்று ஒன்றுக்கும் உதவாத பேச்சு. கின்னிக்கோழிக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

எழுந்திருக்கும்போது நரி கேட்டது. "இன்றைக்கு ஏன் கத்தவில்லை?"

"உங்களைப் பார்த்து எதற்கு அண்ணே கத்த வேண்டும்?"

"நான் நரி, தம்பி."

"எலிக்கார நரி."

"நீ கத்துகிற வரைக்கும் எலிக்கார நரி. கத்தாவிட்டால் நான் என்ன நரி என்று எனக்கே தெரியாது. நாளைக்குக் கத்து."

"கத்தினால் போய்விடுவீர்களே."

நரி புதரைப் பார்த்து நடந்தது.

மறுநாளும் அது கத்தவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"அப்பாடா, காதுக்கு நிம்மதி!" என்றது சாம்பல் கோழி. கூண்டுக்குப் போகிற நேரம் தாண்டியும் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டே இருந்தது. கத்தல் கேட்டால் ஓடித்தான் அதற்குப் பழக்கம்.

கடலை பறிக்கிற நாள் வந்தது. செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, மூட்டையை வண்டியில் ஏற்றியாயிற்று. கடலை இல்லாத இடத்தில் எலிக்கு என்ன வேலை? அவையும் போயின. நரி வரும், வெறும் மண்ணை மோந்து பார்க்கும், விலா எலும்பு தெரிய உட்காரும்.

"பசிக்கிறதா அண்ணே?"

"கத்து" என்றது நரி.

"என்ன?"

"கத்துடா!"

நரியின் கண் குப்பைமேட்டின் மேல் இருந்தது. கின்னிக்கோழி அதைப் பார்த்தது. பார்த்தும், கத்தினால் போய்விடுமே என்று ஒரு கணம் தயங்கியது.

அந்த ஒரு கணம் போதும். நரி வரப்பைத் தாண்டியது. சாம்பல் கோழிக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

சடையாண்டி வந்தபோது குப்பைமேட்டில் இறகுதான் கிடந்தது.

"இது கத்தவே இல்லையே" என்று பேச்சியம்மாள் மரத்தை முறைத்தாள். "தொண்டை போச்சா? அப்படியென்றால் குழம்புக்குத்தான் ஆகும்."

"அது கிடக்கட்டும். எலிக்காரனாச்சே என்று விட்டு வைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்" என்றார் சடையாண்டி. குப்பைமேட்டில் கண்ணி வைத்தார்.

மறுநாள் நரி வந்தது. வரப்பின் மேல் ஒரு காலை வைத்தது.

"அண்ணே, வராதீர்கள். கண்ணி இருக்கிறது."

"பார்த்தேன். சுற்றிப் போகத் தெரியும் எனக்கு."

"வேண்டாம் அண்ணே."

"பசி, தம்பி. நேற்று மாதிரி சும்மா இரு. தின்றுவிட்டு வந்து உட்காருகிறேன். இருட்டும்வரை பேசலாம்."

இருட்டும்வரை பேசலாம்! கின்னிக்கோழி நரியைப் பார்த்தது. கூண்டுக்கு வெளியே மேய்கிற கோழிகளைப் பார்த்தது. சாம்பல் கோழி கிளறிப் போட்ட குழி அப்படியே இருந்தது.

கத்தியது. அதுவரை கத்தாத கத்தல்.

கோழிகள் ஓடின. சடையாண்டி கம்போடு பாய்ந்து வந்தார். நரி காலை எடுத்துக்கொண்டது. புதருக்குள் நுழையும் முன் ஒரு முறை அண்ணாந்து பார்த்தது. நல்ல தொண்டை என்று சொல்லவில்லை.

"மொட்டை ஆரம்பிச்சுட்டான், காதைப் பொத்துங்கடி!" என்றது கூண்டுக்குள்ளிருந்து இன்னொரு கோழி.

இப்போதும் பொழுது சாய்ந்தால் நரி வரப்பு வரை வருகிறது. கின்னிக்கோழி கத்துகிறது. நரி போய்விடுகிறது. நடுவில் அந்த நாலு வார்த்தை இல்லை.

நீதி: காவல் இருப்பவன் நட்புக்காக வாயை மூடினால், காவலும் போகும், கடைசியில் நட்பும் போகும்.