முதல் செமஸ்டர் புத்தகம்

"மேடம், எந்தப் புத்தகம்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தலை சுத்துது."

சிஷ்யர் இப்படிக் கேட்டபோது குரு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குரு என்றதும் தாடி, காவி என்று நினைத்துவிடாதீர்கள். மெஹருன்னிஸா மேடம், ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். இன்னும் நாற்பதைத் தொடவில்லை. சிஷ்யர் சவரிமுத்து சாருக்குத்தான் தலை முழுக்க நரை.

சவரிமுத்து சார் கணக்கு வாத்தியார். கணக்குப் படிக்க ஆள் வராமல் போனதும் நிர்வாகம் அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டது. மனுஷன் வெட்கப்படவில்லை. மெஹருன்னிஸா மேடம் வகுப்பில், கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து "இவங்கதான் என் குரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மேடத்துக்குக் கூச்சம். சொன்னால் அவர் எங்கே கேட்கிறார்.

"எந்தப் புத்தகம்னு முடிவு பண்ண வேண்டியது நீங்கதானே சார்," என்றார் குரு.

"அதான் மேடம் பயமா இருக்கு."

அந்த வருஷம்தான் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருந்தது. அதுவரை பல்கலைக்கழகம் சொன்னதுதான் புத்தகம். இனி நாமே பார்த்து வைத்துக்கொள்ளலாம். சேதி பரவியதுதான் தாமதம், பதிப்பகத்து ஆட்கள் படையெடுத்து வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மாதிரிப் பிரதி, ஆளுக்கொரு கும்பிடு. சவரிமுத்து சார் மேசையில் டீ கிளாஸ் வைக்க இடமில்லை.

நாலு மணிக்குப் பாடத்திட்டக் குழு கூடுகிறது. முதல் செமஸ்டர் ப்ரோக்ராமிங்குக்கு இதுதான் புத்தகம் என்று அவர் எழுந்து நின்று சொல்லவேண்டும்.

"ஒரு புத்தகத்துக்கா இவ்வளவு கலக்கம்?"

"கௌசல்யா போறா மேடம்."

குரு சாப்பிடுவதை நிறுத்தினார்.

"காலையில வந்து நிக்கறா. 'எனக்கு இது வராது சார், பி.காமுக்கு மாறிக்கறேன்'னு ஒரே அழுகை. ஆபீஸ்ல இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம். பிரின்சிபாலும் சரின்னுட்டார்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். கோடை வந்தால் எங்கள் பக்கத்து வாத்தியார்களுக்கு லீவு கிடையாது. வீடு வீடாகப் போய் "எங்க காலேஜ்ல சேருங்க" என்று பிள்ளை பிடிக்கவேண்டும். அப்படிப் பிடித்த பிள்ளைதான் கௌசல்யா. அவள் அப்பா அன்றைக்கே பி.காம் என்றுதான் சொன்னார். சவரிமுத்து சார்தான், "பொண்ணு கணக்குல புலி, கம்ப்யூட்டர்ல சேருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்தார்.

புலி முதல் செமஸ்டரிலேயே ஃபெயில். அதுவும் சார் நடத்திய பாடத்தில்.

"நான் வாக்குக் குடுத்துக் கூட்டிட்டு வந்த பொண்ணு மேடம். அவங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? எல்லாம் அந்தப் பழைய புத்தகத்தால வந்த வினை. இனி வர்ற பிள்ளைங்களுக்காவது நல்லதா ஒண்ணு பார்த்து வெச்சுடணும்."

"எல்லாத்தையும் படிச்சுட்டீங்களா?"

"ஒண்ணு விடல."

"எது நல்லாயிருந்தது?"

சிஷ்யர் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தலையணை கெட்டது போங்கள்.

"எல்லா ப்ரோக்ராமும் முழுசா இருக்கு. ஒரு தப்பு கிடையாது. கேள்வி, விடை, எல்லாம் இதுலயே."

"எது மோசம்?"

ஒல்லியாக ஒன்றை விரல் நுனியில் பிடித்து எடுத்தார். "இது. சுத்த அரைகுறை. முதல் பாடத்துலயே ப்ரோக்ராமைப் பாதியில விட்டுட்டு, 'மீதியை நீங்க எழுதுங்க'ன்றான். நான் எழுதறதுக்கு நீ எதுக்குய்யா?"

"படிச்சப்போ எல்லாமே உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? நடத்தறவனே நான்தானே. எனக்குப் புரியாம போகுமா?"

"அப்போ நீங்க படிச்சு என்ன பிரயோஜனம்?"

சிஷ்யருக்குச் சுருக்கென்றது. குரு டிபன் டப்பாவை மூடினார்.

"எல்லாத்தையும் தூக்குங்க. லேபுக்குப் போலாம்."

லேபில் அரியர் வைத்த பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், கௌசல்யாவும்தான். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து முணுமுணுவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், ப்ரோக்ராமைத்தான். எங்கள் ஊர் லேபில் அதுதான் வழக்கம். சார் போர்டில் எழுதுவார், பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள், மனப்பாடம் பண்ணி அப்படியே தட்டுவார்கள். திரையில் தப்பு என்று சிவப்பாக ஏதாவது வந்தால் கையைத் தூக்குவார்கள். சார் ஓடி வந்து, தோளுக்கு மேலே கையை நீட்டி, டக் டக்கென்று தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவார். ஓடி வருவதில் சவரிமுத்து சாரை அடிக்க ஆளில்லை. சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகள் மேல் அவ்வளவு பாசம்.

"நோட்டை மூடுங்க," என்றார் குரு. "ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துக்குங்க. முதல் பாடம் மட்டும் போட்டுப் பாருங்க."

பிறகு சிஷ்யர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களுக்கு ஒரே வேலை. கையைப் பின்னால கட்டிக்குங்க. வாயையும் கட்டிக்குங்க."

"வாயை எப்படி மேடம் பின்னால கட்டறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

தலையணைப் புத்தகத்தைத் திவாகர் தூக்கிக்கொண்டு போனான். கௌசல்யா எழுந்திருக்கவே இல்லை. போகப்போகிறவளுக்கு எது இருந்தால் என்ன. எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதை, அந்த ஒல்லிப் புத்தகத்தை, பக்கத்து ஸீட் தபஸ்ஸும் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டாள்.

சிஷ்யருக்கு மனசு ஆறவில்லை. போயும் போயும் அவளுக்கா அது.

திவாகர் விறுவிறுவென்று தட்டினான். ஓட்டினான். புத்தகத்தில் என்ன வருமென்று போட்டிருந்ததோ அதுவே அச்சு அசலாகத் திரையில் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான்.

"முடிஞ்சுது சார்."

சிஷ்யருக்கு வாயெல்லாம் பல். 'பார்த்தீங்களா' என்று குருவை ஒரு பார்வை பார்த்தார்.

குரு திரையைத் தொட்டார். "திவாகர், இந்த வரி எதுக்குப்பா?"

"புத்தகத்துல இருந்துச்சு மேடம்."

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

"எடுக்கக் கூடாது மேடம்," என்றான் திவாகர். பையன் பயந்தேபோய்விட்டான்.

குரு திரும்பி சிஷ்யரைப் பார்த்தார். சிஷ்யரின் பற்கள் உள்ளே போய்விட்டன.

கௌசல்யா அப்போதுதான் முதல் பக்கத்தைப் புரட்டினாள். ஐந்து பெயர்களைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை தாயக்கட்டை உருட்டிப் போடும் ப்ரோக்ராம். அதுவும் பாதிதான். மீதியை நீங்கள் எழுதுங்கள்.

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எதையோ தட்டினாள். சிவப்பு வந்தது. பழக்கதோஷம், கையைத் தூக்கினாள்.

சார் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டார்.

குரு தொண்டையைக் கனைத்தார். சார் நின்றார்.

யாரும் வராததால் கௌசல்யா கையை இறக்கினாள். சிவப்பு எழுத்தைப் படித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாள். திரையில் ஐந்து பெயருக்கும் ஆளுக்கொரு எண் விழுந்தது.

"விழுந்துடுச்சுடி," என்றாள் தபஸ்ஸுமிடம். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் குரலில் ஒரு மாற்றம்.

"நம்பர் வந்து என்ன பண்றது?" என்றாள் தபஸ்ஸும். "வேற எதாவது வரவையேன்."

கௌசல்யா யோசித்தாள். பிறகு புத்தகத்தை மூடி, தூக்கித் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

சிஷ்யருக்கு உயிரே போய்விட்டது. "மூடிட்டா மேடம்," என்று குருவின் காதில் கிசுகிசுத்தார். "அவ்வளவுதான், போயிடுவா."

"வாய், சார்," என்றார் குரு.

கௌசல்யா எண்களை அழித்தாள். அந்த இடத்தில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று அடித்தாள். தாயக்கட்டை போய், சீட்டுக் குலுக்கிப் போடுகிற விளையாட்டு வந்துவிட்டது. மழை நாள் லீவில் ஆடாத பிள்ளை உண்டா அதை. ஐந்து பெயரையும் மாற்றி, லேபில் இருக்கிறவர்கள் பெயராகப் போட்டாள். ஓட்டினாள்.

தபஸ்ஸும் ராஜா. திவாகர் திருடன்.

தபஸ்ஸும் சிரித்த சிரிப்பில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். "என் பேரைப் போடு." "என்னையும் போடுடி." "திவாகர், மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே." நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். அந்த லேபில் இப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

மறுபடி ஓட்டினாள். ரெண்டு திருடன் வந்தான். போலீஸையே காணோம்.

"நல்ல ஊரா இருக்கே இது," என்றான் திவாகர்.

சிரிப்பு அடங்கியது. கௌசல்யா மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்தாள்.

"ரெண்டு திருடன் வரக் கூடாது. ஏன் வருது?"

சிஷ்யருக்குத் தெரியும். நுனி நாக்கில் நிற்கிறது. பின்னால் கட்டிய கை துடிக்கிறது. மனுஷன் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழகிய கையைக் கட்டிப்போட்டால் இருக்கிற இருப்பு.

"நிஜமா ஆடும்போது இப்படி வராதே," என்றாள் கௌசல்யா. ஒரு பேப்பரைக் கிழித்தாள். ஐந்து சீட்டு எழுதி, மடித்து, தபஸ்ஸுமின் துப்பட்டாவில் போட்டுக் குலுக்கினாள். "எடு. நீ எடு. திவாகர், நீ."

எடுத்தார்கள். ஒரு திருடன்தான் வந்தான்.

கௌசல்யா அவர்கள் கையைப் பார்த்தாள். துப்பட்டாவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"ஏய், நீங்க எடுத்த சீட்டு உங்க கையிலயே இருக்கு. இது எடுத்துப் பார்த்துட்டு மறுபடி உள்ளயே போட்டுடுது. அதான் அதே சீட்டு இன்னொருத்தருக்கும் வருது. எடுத்ததைத் திரும்பப் போடாதன்னு சொல்லணும். அதுக்கு என்ன வார்த்தை?"

சிஷ்யர் வாயைத் திறந்தார். குரு பார்க்கக்கூட இல்லை. தானாகவே மூடிக்கொண்டார்.

"இதுல இருக்கும், இரு," என்று திவாகர் ஓடிப்போய் அந்தத் தலையணையைத் தூக்கிவந்தான். ஆளாளுக்குப் புரட்டினார்கள். "இது இல்ல." "அடுத்த பக்கம்." "இதோ, இதோ, இதைப் போட்டுப் பாரு." கௌசல்யா போட்டாள். சிவப்பு வந்தது. ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. "அந்தப் புள்ளியை விட்டுட்ட பாரு." "நகரு, நான் போடறேன்." "போடி, என் ப்ரோக்ராம், நான்தான் போடுவேன்."

என் ப்ரோக்ராம் என்றாள். சிஷ்யருக்குக் காதில் தேன் பாய்ந்தது.

ஓட்டினாள். ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு மந்திரி, ஒரு போலீஸ், ஒரு திருடன். மறுபடி ஓட்டினாள். அப்பவும் ஒரு திருடன்தான். லேபே ஆர்ப்பரித்தது. தபஸ்ஸும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். திவாகர் மேசையைத் தட்டி டப்பாங்கூத்து தாளம் போட்டான்.

அந்தக் களேபரத்தில் இன்டர்காம் அடித்தது. சிஷ்யர் எடுத்தார். ஆபீஸிலிருந்து.

"பி.காமுக்கு மாறுற பொண்ணு இன்னும் வரல சார். நாங்க கிளம்பணும். அனுப்பறீங்களா?"

சிஷ்யர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். அனுப்பாமல் மறைக்க முடியுமா? மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டார்.

"கௌசல்யா, ஆபீஸ்ல கூப்பிடறாங்கம்மா."

"வரலன்னு சொல்லிடுங்க சார்," என்றாள் கௌசல்யா. திரும்பக்கூட இல்லை. "இப்போ போலீஸ் யார் திருடன்னு கண்டுபிடிக்கணும் இல்ல? தப்பாச் சொன்னா சீட்டு மாறணும். அது எப்படிடி போடறது?"

சிஷ்யர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. "வரலையாம் சார், வரலையாம்," என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

மணி நாலாகப்போகிறது. கௌசல்யா உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஓடி, திரைக்குப் பின்னால் கையை விட்டு ஒல்லிப் புத்தகத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சுத்த அரைகுறை என்று திட்டியதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"சார்," என்றார் குரு.

"கிடைச்சுடுச்சு மேடம். இதேதான். இதைவிட ஒரு புத்தகம் உலகத்துல கிடையாது."

"ஏன் இதுன்னு குழுவுல கேப்பாங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

அதுவும் சரிதான். சிஷ்யர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"கௌசல்யா, ஒரு நிமிஷம்மா. அந்தப் புத்தகத்துல உனக்கு என்ன பிடிச்சுது?"

கௌசல்யா தட்டுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் புத்தகம் சார்?"