சிவப்புப் பொட்டு வைக்காத கருவி

கடலில் கால் ஒடிந்த பிறகு தொம்மை படகை விட்டுவிட்டு, லில்லிபுஷ்பம் டீச்சரின் வானொலிப் பட்டறையில் சிஷ்யராகச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட வயதில் இளையவள். ஆனாலும் அவள் முன்னால் அவர் உட்கார்ந்து பேசியதில்லை.

தேறிய கருவிக்கு டீச்சர் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். பொட்டு இல்லாத கருவியை நம்பி அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

தொம்மை செய்த கருவி கரையில் இருக்கும். நடுக்கடலில் ஆபத்து என்று படகிலிருந்து பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். அவர் தம்பி சிலுவை அன்றைக்குக் கிளம்புகிறான். கூப்பிட்டால் கேட்க இந்த மணி ஒன்றுதான்.

"வானத்து இரைச்சலுக்கு நடுவுல கேக்குதா?" என்றாள் டீச்சர்.

"அதையும் பாத்துட்டேன் டீச்சர்." இரைச்சல் எழுப்பும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து ஓடவிட்டார். கரகரவென்று இரைந்தது. பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. இன்னொரு முறை. அடித்தது.

வாசலிலிருந்து சிலுவை எட்டிப் பார்த்தான். "அண்ணே, பொட்டு வச்சாச்சா? வலையெல்லாம் ஏத்தியாச்சு."

"பொறுடா. டீச்சர் இன்னும் பாத்து முடிக்கல."

டீச்சர் கண்ணை மூடி அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு விரலைத் தூக்கினாள்.

"இப்போ ஒரு வெடிப்பு."

வெடித்தது.

"இனி அடங்கும்."

அடங்கியது.

தொம்மை பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கருவிக்கு எப்படித் தெரியுமோ, அப்படித்தான். இதை எங்க பிடிச்சீங்க?"

"ரேடியோவுல நிலையம் இல்லாத இடத்துல. கொஞ்சம் பதிஞ்சு, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மணி தப்பினப்பல்லாம் கருவியோட திருகாணியைக் கொஞ்சம் திருப்பினேன். இப்போ தப்பவே மாட்டேங்குது."

டீச்சர் பெட்டியை நிறுத்தினாள். சின்ன டையோடு ஒன்றில் மின்சாரம் விட்டு, அதன் முணுமுணுப்பைப் பெரிதாக்கிக் கருவிக்குள் அனுப்பினாள். தகரத்தில் மழை பெய்வதுபோல் இரைந்தது. அடுத்த துளி எங்கே விழும் என்று சொல்ல முடியாத மழை.

யாரும் கூப்பிடாமலே மணி அடித்தது. டீச்சர் பொத்தானை அழுத்தினாள். மணி ஊமையாகக் கிடந்தது. மறுபடி அழுத்தினாள். ஊமைதான்.

"இவ்வளவு கொடுமை பண்ணணுமா டீச்சர்?" என்றார் தொம்மை. "என் பெட்டியிலே ஒரு தடவைகூடத் தப்பலையே!"

டீச்சர் அவருடைய இரைச்சல் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"அப்போ இதைத் தம்பி கையில நீங்களே குடுங்கண்ணே. அவன் கூப்பிடுற நேரத்துல வானம் இப்படி மட்டும் இரையணும்னு வேண்டிக்கச் சொல்லுங்க."

தொம்மையின் கை நீளவில்லை. வாசலைப் பார்த்தார்.

"படகுலேர்ந்து வலையை இறக்குடா" என்றார்.