நாற்பது பேட்டரியும் ஒரு சட்டைப் பையும்

கிள்ளானில் ஒரு மின்சிகரெட் கடை. அதன் பின்னறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் தவமலர், எல்லோருக்கும் டீச்சர். சீடர் அங்கமுத்துவுக்கு அறுபத்திரண்டு. லாரி ஓட்டி ஓய்ந்தவர். வயதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் முன்கடையிலேயே சிரித்து முடித்துவிட்டு வரவேண்டும் என்பது அறையின் சட்டம்.

பழுது பார்த்த பேட்டரியில் ‘சரி’ என்று ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதில் கையெழுத்து வேண்டும். சீடர் பார்த்ததற்கும் குருதான் போடுவார். இரண்டு வருடமாக அப்படித்தான். அங்கமுத்துவுக்கு அது தொண்டையில் முள்.

அன்று காலை டீச்சர் வருவதற்கு முன்பே முதலாளி குணாளன் வந்தார். ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார். உள்ளே நாற்பது பேட்டரி. எல்லாம் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தவை. பொத்தானை யாரும் தொடவில்லை, தானாகச் சூடேறுகிறது என்று புகார்.

“பெரியவரே, மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க. இந்தத் தடவை நீங்களே கையெழுத்துப் போடுங்க. காப்பார்ல புதுக் கடை திறக்கறேன். அங்க ரிப்பேர் மேசை உங்களுக்குத்தான்.”

பொத்தானில் பிசுக்கு ஏறினால் அமுங்கியபடியே நிற்கும். அங்கமுத்து நாற்பதையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். ஐந்து முறை அழுத்தினால் பேட்டரி பூட்டிக்கொள்ளும். விளக்கு மூன்று முறை சிமிட்டி அணையும். நாற்பதையும் அழுத்தினார். நாற்பதும் அணைந்தன. நாற்பது சீட்டு ஒட்டினார். நாற்பதிலும் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

பதினொரு மணிக்கு டீச்சர் வந்தார். டின்னைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார்.

“ஒரு கேள்வி இருக்கு டீச்சர்.”

“கேளுங்கண்ணே.”

“ஒரே காலைல நாப்பதையும் அணைச்சுட்டேன். நான் இன்னும் சீடன்தானா?”

“இதுல நல்லா அணைஞ்சது எது?”

“எல்லாம் நல்லாத்தான் அணைஞ்சிருக்கு.”

“ஒண்ணு எடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதன் தலையில், சூடேறும் கம்பிச்சுருள் உள்ள புகைக் குழாயைத் திருகி மாட்டினார். மேசையில் சோதிக்கும்போது அதை யாரும் மாட்டுவதில்லை. கைக்குத் தொல்லை.

“சட்டைப் பையில போட்டுக்குங்க. டீ குடிப்போம்.”

போட்டுக்கொண்டார். டீச்சர் மணல் வாளியைக் காலால் தள்ளிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் வாய் டீ. ஒன்றுமில்லை.

இரண்டாம் வாய். நெஞ்சில் இளஞ்சூடு. டீயின் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல.”

மூன்றாம் வாய். டீ இவ்வளவு இடதுபக்கமாக இறங்காது என்று அவருக்கே தெரிந்தது.

“எடுக்கறதுன்னா எடுங்க.”

“எதுக்கு எடுக்கணும்? அதான் அணைச்சுட்டேனே.”

“சரி.”

வேர்த்தது. முப்பது வருடம் லாரி எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்த உடம்பு, இதற்கா அசையும்? அசையவில்லை. குழாய்க்குள் இருந்த பஞ்சு கருகும் வாசனை வந்தது. அப்புறம் துணி கருகும் வாசனை.

“அண்ணே, நல்ல சட்டை.”

அங்கமுத்து துள்ளி எழுந்து பையோடு பிய்த்து வாளியில் எறிந்தார். நெஞ்சில் ஒரு காசு அளவுக்குச் சிவந்திருந்தது.

“விளக்கு எரியுதா?” என்றார் டீச்சர்.

குனிந்து பார்த்தார். “இல்ல.”

“அப்ப அணைஞ்சுதானே இருக்கு.”

“முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

ஆறியதும் அங்கமுத்து அதைப் பிரித்தார். உள்ளே மின்சுற்றுப் பலகையில் மிளகு அளவில் ஒரு சுவிட்ச், கம்பிச்சுருளுக்கு மின்சாரம் விடுவது. வெந்து, உள்ளுக்குள் ஒட்டிப்போயிருந்தது. பொத்தான் சொன்னதை விளக்கு கேட்டது. நெருப்பு கேட்கவில்லை. இன்னொன்றைப் பிரித்தார். அதே கதை. நாற்பதிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். சுவிட்ச் ஒட்டியிருக்கிறது என்று நாற்பதிலும் கூவியது.

அங்கமுத்து முதல் சீட்டை எடுத்தார். தன் கையெழுத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

குணாளன் கதவைத் திறந்தார். “ரெடியா? இரவுச் சந்தைக்குப் போற வண்டி நிக்குது.”

“இல்ல.”

“எல்லாம் அணைஞ்சுதான இருக்கு?”

“விளக்கு அணைஞ்சிருக்கு முதலாளி. சுவிட்ச் செத்துப்போச்சு. நாப்பதும் குப்பை” என்றார் அங்கமுத்து.

“வாங்கறவன் விளக்கைத்தான் பார்ப்பான். பிரிச்சா பார்ப்பான்?”

“பார்க்கமாட்டான். பையில போடுவான்.”

அங்கமுத்து கிழிந்த சட்டையை விலக்கிக் காட்டினார். குணாளன் பார்க்கவில்லை. டின்னைப் பிடித்தார். அங்கமுத்துவும் பிடித்தார்.

“என் சரக்கு, பெரியவரே.”

“என் கையெழுத்து.”

“காப்பார் மேசை வேணாமா?”

“வேணும். ரொம்ப வேணும். டின்னை விடுங்க.”

“வேணும்னா கையை எடுங்க.”

அங்கமுத்து கையை எடுக்கவில்லை. டின்னைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்தார். குணாளன் விட்டுவிட்டார்.

“மேசையும் கிடையாது. நாளைக்கு இந்தப் பக்கம் வரவும் வேணாம்.”

“வரேன். இன்னும் முப்பத்தொம்பது சீட்டு சுரண்டணும்.”

குணாளன் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“என்ன டீச்சர், வேடிக்கை பாக்கறீங்க? உங்க சீடன்தான? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. சொல்லுங்க.”

டீச்சர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார்.

“சீடனா இருந்தா சொல்லியிருப்பேன்” என்றார்.