கண்ணை மூடி வரைந்த கோடுகள்

அந்தக் காலத்து ஜெர்மனியில் ஒரு சிறிய பல்கலைக்கழக நகரம். அங்கே பள்ளிக்கூடத்தில் வடிவியல் சொல்லிக்கொடுத்து வந்த யோவாகிம் லூடெக்கேவுக்கு நாற்பத்தாறாவது வயதில் கண் மங்கத் தொடங்கியது. குளிர்காலம் முடிவதற்குள் பார்வை முழுக்கப் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வேலை போய்விடுமே என்பதைவிட வேறொரு பயம் அவரை அரித்தது. இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தை அடைக்க முடியாது என்பதுபோல, நிரூபணம் கேட்காமலே கணிதம் ஏற்றுக்கொள்ளும் அடிக்கோள்கள் சில உண்டு. அவற்றைப் பார்த்துத்தானே நம்பினோம்? பார்வை போனால் அந்த நிச்சயமும் போய்விடாதா?

அதனால் வெறும் சொற்களின் விளக்கத்தைக் கொண்டே அவற்றை நிரூபித்துவிடப் பார்த்தார். அது முடியும் என்று அன்றைய அறிஞர்கள் சிலர் சொல்லிவந்தார்கள். கண் எரிய எரிய எழுதினார். ஆனால் எதை நிரூபிக்க வேண்டுமோ, அதுவே ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வரியில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. மனம் விட்டுப்போய்ப் பள்ளிக்குப் போவதையும் நிறுத்தினார்.

கடைசியில், சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் தனக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஹார்ட்விக் ப்ரென்னரைத் தேடிப் போனார். ஆசிரியராக இருந்தாலும் ப்ரென்னர் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ப்ரென்னர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கற்பலகையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நேர்கோடுகள் போடச் சொன்னார்.

யோவாகிம் போட்டார். கண்ணைத் திறந்து, பலகையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“என்ன தெரிகிறது?”

“இரண்டு கோடும் இரு முனையிலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஓர் இடத்தை அடைத்திருக்கின்றன.”

“அப்படியானால் உங்கள் அடிக்கோள் பொய். கண்ணாலேயே பார்த்துவிட்டீர்களே.”

“அதெப்படி, ஐயா? என் கை கோணியிருக்கிறது. இவை நேர்கோடுகளே இல்லை.”

“கண் சரியாகத் தெரியாமல் சொல்கிறீர்களோ?”

“தெரியவே வேண்டியதில்லை. இடத்தை அடைத்தால் இரண்டும் நேர்கோடாக இருக்க முடியாது.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ப்ரென்னர் பலகையை மெல்ல வாங்கித் துடைத்தார்.

“திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போங்கள். சற்றுமுன் கண் சொன்னதைத் தப்பு என்று சொன்னது எதுவோ, அதுவே பாடம் நடத்தட்டும்.”